எதிரெதிரே வரக்கூடாதவர்கள்

மார்ச்சுவரி, அதாவது பிணவறை, எங்கே என்று மீட்டிங்கில் வாயெடுத்தால் போதும், பேச்சு சட்டென்று ரிசப்ஷன் கிரானைட்டுக்குத் தாவிவிடும். ஆஸ்பத்திரி கட்ட வருகிறவர்களில் நிறைய பேர் டாக்டர்கள். சாவைப் பார்த்துப் பழகியவர்கள். ஆனாலும் தன் கட்டடத்திலிருந்து பிணம் எந்த வழியாக வெளியே போகும் என்று பேச அவர்களுக்கு நாக்கு எழாது. வாஸ்துக்காரருக்கு ஒரு முழு மத்தியானம் ஒதுக்குவார்கள். மார்ச்சுவரிக்கு டீ வரும் நேரம் மட்டும்தான்.

எனக்கோ பிளானே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெங்களூரில் ஆஸ்பத்திரிகளுக்குப் பிளான் போடும் இந்தத் தொழிலில் இருந்து பார்த்ததில், அறைகளை வரைவது பெரிய வித்தையில்லை. யாருக்கு எதிரே யார் வரக்கூடாது என்பதுதான் வேலை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும் குடும்பமும் வெள்ளைத்துணி போர்த்திய டிராலியும் ஒரே லிஃப்ட் வாசலில் நிற்கக்கூடாது. சாப்பாட்டு வண்டியும் ரத்தக்கறைத் துணி வண்டியும் உரசிக்கொண்டு போகக்கூடாது. மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று 2016 விதிகள் சொல்கின்றன. அப்படியென்றால் கழிவு அடைத்த அந்த மஞ்சள் பைகள் அன்றாடம் எல்லா மாடியிலிருந்தும் கீழே இறங்கியாக வேண்டும். எந்த வழியாக?

ஓசூர் ரோடு பக்கம் ஒரு வேலை. அழுக்குப் போக்குவரத்துக்கென்று பின்பக்கம் தனி லிஃப்ட் போட்டிருந்தேன். "அந்த லிஃப்டை எடுத்தால் மாடிக்கு ஒரு டீலக்ஸ் ரூம் வருமே" என்றார் முதலாளி. கணக்கு சரிதான், அங்கே நிலம் விற்கிற விலை அப்படி. தொற்று, விதிமுறை என்று எவ்வளவோ சொன்னேன், காதில் ஏறவில்லை. கடைசியில், "டீலக்ஸ் ரூம் எடுத்தவர் லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே எதைப் பார்ப்பார்?" என்று கேட்டேன். லிஃப்ட் பிழைத்தது. தர்ம நியாயம் பேசி நான் எந்த மீட்டிங்கிலும் ஜெயித்ததில்லை.

காற்றுக்கும் இதே கதைதான். ஆபரேஷன் தியேட்டரில் காற்று வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், வராண்டாக் காற்று உள்ளே நுழையக்கூடாது. மணிக்குக் குறைந்தது 20 தடவை காற்று மாற வேண்டும், அதில் 4 வெளியிலிருந்து வரும் புதுக்காற்று என்பது மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் வழிகாட்டுதல். காசநோய் மாதிரி காற்றில் பரவும் நோய்க்கான தனி அறையில் நேர் எதிர்: உள்ளேதான் இழுக்க வேண்டும். வரைபடத்தில் இது இரண்டு அம்புக்குறி.

ஒரு கட்டடத்தில் ஐசொலேஷன் அறையைச் சோதித்துப் பார்க்க வந்த ஏசி டெக்னீஷியன், கிருஷ்ணகிரிப் பையன், சட்டைப்பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்தான். "ஏன் தம்பி, மீட்டர் இல்லையா?" என்றேன். "காலிபரேஷன் தேதி முடிஞ்சு போச்சு சார்." கதவை மூடி, அடியிடுக்கில் பத்தியைக் காட்டினான். உள்ளே போக வேண்டிய புகை எங்கள் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. "தள்ளுது சார்."

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அதான் ஓடுதே" என்றார் கான்ட்ராக்டரின் ஆள். பையன் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தான். மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஃபேஸில் இரண்டு ஒயர் இடம் மாறினால் அப்படி ஆகும். இந்த வகை ப்ளோயர் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று அதே திசையில்தான் போகும், அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். ஏசி உள்ளே விடும் காற்று அதைவிட அதிகமாகி, மிச்சம் கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. உள்ளே ஒரு நோயாளி படுத்திருந்தால் அவர் இருமிய காற்றையெல்லாம் அந்த அறை வராண்டாவுக்கு ஊதிக்கொண்டிருக்கும். ஒயரை மாற்றிப் பூட்டியதும் புகை சர்ரென்று கதவுக்கடியில் நுழைந்தது.

எனக்கு ஜாஸ்தி பயம் தீப்புகையிடம்தான். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனை, கார் நிறுத்த வேண்டிய பேஸ்மென்ட்டில் சாமான்களை அடுக்கி வைத்திருந்தது. விடிவதற்குள் அங்கே பிடித்த தீயின் புகை மாடிகளுக்கு ஏறி, ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத்திணறித்தான்.

புகைக்கு வழி போட்டுக் கொடுப்பது நாமேதான். தளத்தில் பிளம்பர் ஒரு ஓட்டை போடுவார், கேபிள்காரர் ஒன்று, ஆக்சிஜன் பைப்காரர் ஒன்று. ஃபால்ஸ் சீலிங் ஏறிவிட்டால் அப்புறம் கடவுளுக்கே தெரியாது. அதனால் சீலிங் ஷீட் ஏறுமுன் பைப்பும் கேபிளும் மாடிக்கு மாடி ஏறும் வழிகளை ஷாஃப்ட் ஷாஃப்டாகப் போய்ப் பார்ப்பேன். திருவண்ணாமலைக்கார மேஸ்திரி, "சிமென்ட் வச்சு அடைச்சா போதாதா சார்?" என்று கேட்டார். பிளாஸ்டிக் பைப் தீயில் உருகினால் சிமென்ட் நடுவே ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும், சூட்டில் உப்பி அந்த இடத்தை அடைக்கிற பசைதான் வேண்டும் என்று சொன்னேன். கேட்டுவிட்டு, "அது சரி சார், அடுத்த மாசம் இன்டர்நெட்காரன் வந்து புதுசா குடைவானே?" என்றார். எந்த ஆர்க்கிடெக்டும் என்னிடம் கேட்காத கேள்வி. அவர் யோசனைப்படியே பின்னால் கேபிள் நுழைக்க மாடிக்கு இரண்டு காலி ஸ்லீவ் (குழாய்த் துண்டு) விட்டு, வாயை அடைத்து, மெயின்டனன்ஸ்காரர்களிடம் காட்டிக் கொடுத்தோம்.

இன்டர்நெட்காரர்கள் வந்தார்கள். ஒரு மாடியில் ஸ்லீவை உபயோகித்திருந்தார்கள். அடுத்த மாடியில் அதற்குப் பக்கத்திலேயே புதிதாகக் குடைந்திருந்தார்கள்.