ஓர் எட்டில் கங்கை

மூதூரில் நாங்கள் மகாவலி ஆற்றை மகாவலி என்று சொல்வதில்லை. கங்கைதான். பாலம் வருமுன் கங்கைப் பாதையில், ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைப் படகில், வேலை செய்தவர் எங்கள் வாப்பா. மாரியில் கலங்கல் தண்ணீர் மரங்களை வேரோடு அடித்துக்கொண்டு வந்து கொட்டியாரக் குடாவில் தள்ளும். "இவ்வளவும் எங்கேருந்து வருது?" என்று சின்னதில் கேட்டால் "மலையிலேருந்து" என்பார். அவர் அந்த மலையைக் கண்டதில்லை.

போன பெப்ரவரியில் நான் போனேன். மலைநாட்டுப் பட்டிப்பொலயில் இறங்கி, விடியுமுன் ஹோர்ட்டன் சமவெளி வாசல். அங்கே பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள். உம்மா கட்டித் தந்த சோற்றைக் கடதாசிக்கு மாற்றினோம். எல்லாரும் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போக, நானும் வழிகாட்டியும் கிரிகல்பொத்த மலைப் பக்கம் திரும்பினோம். உயரம் 2,388 மீற்றர், ஒரு வழிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். உப்பளத்தில் உப்புப் பூத்ததுபோல் புல்லெல்லாம் உறைபனி. கடற்கரையில் வளர்ந்த எனக்கு விரல் மடங்கவில்லை.

குட்டை மூங்கில் புதருக்குள் ஒரு நீர்க்கோடு. "அக்ரா ஓயா" என்றார் வழிகாட்டி. ஓயா என்றால் சிற்றாறு. அது கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. ஹட்டன் பக்கத்து ஓயாவும் மகாவலிக்குத் தலைதான், ஆனால் எனக்கு இதுவே போதும். குனிந்து பார்த்தேன். ஊற்று என்று ஒரு கண் இல்லை. சேற்றுப் புல்லின் அடியெங்கும் கசிகிறது. மேலே பாசி பிடித்த கிளைகளில் மூடுபனி தங்கி, மழையில்லாமலே சொட்டுகிறது. இதே சமவெளியில் இன்னொரு சரிவில் விழும் துளி பெலிகுல் ஓயாவாகி, வளவை கங்கையோடு தென்கடலுக்குப் போய்விடும். வழியில் பட்டுப்போய் நின்ற மரங்களைக் கண்டபோது வயிற்றைக் கலக்கியது. இந்த மரங்கள் போனால் பனியைப் பிடித்துச் சொட்டவைக்க என்ன இருக்கிறது?

335 கிலோமீற்றர் ஆற்றை ஓர் எட்டில் தாண்டினேன். பிறகு திரும்பவும் தாண்டினேன்.

பட்டிப்பொல வந்துதான் வாப்பாவுக்குப் போன் எடுக்க முடிந்தது.

"பாதை போடுற அகலமா மகன்?"

"இல்ல வாப்பா, ஓர் எட்டு. அடியில கிடக்கிற கல்லை எண்ணலாம்."

கொஞ்சநேரம் பேச்சில்லை. "அந்தத் தண்ணி எப்ப இஞ்ச வரும்?"

மேல் கொத்மலை, கொத்மலை, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பே என்று அணைகளை வரிசையாகச் சொன்னேன்.

"அவ்வளவு கட்டையும் தாண்டியா வருது?" என்றார்.