ரன்வேல எருமை நின்னா யாருக்குத் தெரியும்?

2014 நவம்பர் 6, சூரத்ல இருட்டுனப்புறம் டெல்லிக்கு கெளம்புன ஒரு போயிங் 737 விமானம் டேக் ஆஃபுக்கு வேகமெடுத்து ஓடிட்டிருக்கும்போதே எருமை மேல மோதிடுச்சு, 140 பேர் கிட்ட உள்ள இருந்தாங்க, இன்ஜின் அடிவாங்கியும் பைலட் நிறுத்திட்டதால எல்லாரும் தப்பிச்சாங்க. கருப்பு எருமை, இருட்டு, பைலட் கண்ணுக்கு எங்க தெரியும்? தெர்மல் கேமரா உடம்புச் சூட்டத்தான் பாக்குது, ஆறிப்போன தரைல எருமை பளிச்னு தெரியும்.

ஏர்போர்ட்ட சுத்தி இருக்கற வேலிக்கும் சென்சார் இருக்கு. கம்பில ஃபைபர் கேபிள கட்டிவிட்டா யாராவது ஏறுனாலோ அறுத்தாலோ அந்த அதிர்வுல உள்ள ஓடுற லேசர் வெளிச்சம் மாறும், எந்த இடம்னும் சொல்லிடும். ஆனா காத்தடிச்சாலும்தான் வேலி ஆடும், சும்மா சும்மா அலாரம் அடிச்சா டூட்டில இருக்கறவங்க கண்டுக்காம விட்ருவாங்க, அதனால அலாரம் வந்த உடனே பக்கத்து கேமரா தானா திரும்பி ஆளா நாயான்னு காட்டியே ஆகணும். 2012ல நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்ல 10 கோடி டாலர் பாதுகாப்பு சிஸ்டம் இருந்தும், ஜெட் ஸ்கீ (தண்ணில ஓட்டுற ஸ்கூட்டர்) நின்னுபோய் நீந்தி வந்த ஒருத்தர் வேலி ஏறிக் குதிச்சு ரெண்டு ரன்வேய தாண்டி டெர்மினல் வரைக்கும் நடந்தே போயிட்டார்.

பறவை விஷயம் வேற. பறவைய விரட்ட சத்தம் போடுற கேஸ் வெடிய குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவைன்னு போட்டா அதுங்க கொஞ்ச நாள்ல பழகிட்டு பக்கத்துலயே மேயும். கூட்டம் வர்றத ரேடார் பாத்து சொல்லும்போது மட்டும் போட்டாதான் பயம் இருக்கும். சில இடத்துல விரட்டவே தேவையில்ல. தென்னாப்பிரிக்கா டர்பன்ல 2010ல கிங் ஷாகா ஏர்போர்ட் தொறந்தாங்க, பக்கத்துல மவுண்ட் மோர்லேண்ட் நாணல் காட்டுல ஐரோப்பாலேர்ந்து வந்த தகைவிலான் குருவிங்க லட்சக்கணக்குல அடையும். நாணல அழிக்காம பறவை ரேடார் வெச்சாங்க, பொழுது சாயும்போது கூட்டம் பாதைல இருந்தா விமானம் கொஞ்சம் காத்திருக்கணும், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு!

2024 டிசம்பர் 29 தென் கொரியா முவான் ஏர்போர்ட்ல நடந்த விமான விபத்துல 179 பேர் செத்தாங்க, ரெண்டு இன்ஜின்லயும் பைக்கால் வாத்தோட இறகு கெடச்சுது. ரன்வே தாண்டி இருந்த கான்கிரீட் மேட்டுல மோதுனதும் பெரிய காரணம்தான், ஆனா பறவை ஜாக்கிரதைன்னு டவர் சொன்ன ரெண்டு நிமிஷத்துலயே பைலட் மேடேன்னு ஆபத்து அழைப்பு குடுக்கற நெலம. அப்போ அங்க பறவை ரேடாரே கெடையாது. தூரத்துலயே கூட்டத்த பாத்திருந்தா சுத்திட்டு வாங்கன்னு சொல்லிருக்கலாமேன்னு மனசு ஆறவே மாட்டேங்குது. 2025 பிப்ரவரிலதான் எல்லா ஏர்போர்ட்டுலயும் ரேடாரும் தெர்மல் கேமராவும் வெப்போம்னு அந்த நாட்டு அரசாங்கம் அறிவிச்சுது.