இறக்கையை மூடும் முன்

வீட்டிலேயே கட்டும் விமானத்தின் கிட் பெட்டியைப் பிரித்ததும் எல்லோர் கண்ணும் எஞ்சின் மேல்தான் போகும். ஆனால் மாதக்கணக்கில் கையில் இருக்கப்போவது தகடும் அதை இணைக்கும் ரிவெட்டும். ஸெனித் சிஎச் 701-ஐ எடுத்துக்கொள்வோம்: கிறிஸ் ஹைன்ட்ஸ் 1980-களில் வடிவமைத்த, அலுமினியத்தாலான இரட்டை இருக்கை விமானம். 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகடு, பாப் ரிவெட் (நடு ஆணியை இழுத்து ஒரு பக்கமிருந்தே பொருத்துவது), வீட்டுக் கொட்டகை போதும். திருத்தவே முடியாத தவறு நடக்கும் இடம் இறக்கை. மூடியபின் உள்ளே கை போகாது.

முதலில் மேசை. 12 அடிக்கு 4 அடி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்தது. மேசை முறுக்கியிருந்தால் இறக்கையும் முறுக்கும். தகட்டில் கோடு போட மெல்லிய மார்க்கர் பேனாதான். பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். கூரான ஊசியால் கீறினால் அந்தக் கீறலிலிருந்து விரிசல் தொடங்கும்.

துளையை ஒரே தடவையில் முழு அளவுக்குப் போடாதீர்கள். 40-ஆம் எண் டிரில் பிட்டில் (2.5 மி.மீ.) தொடங்கி, 1/8 அங்குல ரிவெட்டுக்கு 30-ஆம் எண், 5/32 அங்குல ரிவெட்டுக்கு 20-ஆம் எண் என்று பெரிதாக்குங்கள் (எண் குறையக் குறையப் பிட் பெரிது). ஒவ்வொரு துளையிலும் உடனுக்குடன் கிளீக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் ஊசி) மாட்டினால் தகடு நகராது. துளையின் மையம் விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தின் இரு மடங்காவது தள்ளி இருக்கட்டும். 1/8 அங்குலத்துக்கு அது 6.4 மி.மீ.

எல்லாத் துளையும் போட்டபின் பலர் நேராக ரிவெட் அடிக்கப் போய்விடுகிறார்கள். கூடாது. தகடுகளைப் பிரித்தே ஆக வேண்டும். இடையில் சிக்கிய சுருள் துகள் இருந்தால் தகடுகள் ஒட்டி உட்காராது; ரிவெட் அந்த இடைவெளிக்குள் உப்பி, பறக்கும்போது தளரும். ஒரு பெரிய டிரில் பிட்டைக் கையால் அரைச் சுற்றுச் சுற்றினாலே பிசிறு போய்விடும். அதற்கு மேல் சுற்றினால் துளை குழிந்து, மெல்லிய தகட்டின் விளிம்பு கத்திபோல் ஆகிவிடும். பிறகு தகடுகள் ஒன்றோடொன்று சேரும் பரப்புகளுக்கு மட்டும் பிரைமர், அதாவது அரிப்பைத் தடுக்கும் பூச்சு. ஸிங்க் குரோமேட் பிரைமர் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. முகக்கவசம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

மறுபடி கிளீக்கோ மாட்டியதும் கோணம் காட்டும் டிஜிட்டல் லெவலை, இறக்கை விமான உடலோடு சேரும் முனையிலும் நுனியிலும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். வரைபடம் சொல்வதிலிருந்து கோணம் விலகினால் இறக்கைக்குக் கீழே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம், இப்போது மட்டும். அரை டிகிரி முறுக்கை அப்படியே விட்டால் விமானம் ஒரு பக்கம் சாயும்; விமானி எந்நேரமும் கட்டுப்பாட்டு ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ரிவெட்டை நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, ஒரு துளை விட்டு ஒரு துளையாக அடியுங்கள். ஓரத்திலிருந்து வரிசையாக அடித்தால் தகடு தள்ளப்பட்டு நடுவில் உப்பும். தவறாக அடித்த ரிவெட்டை எடுக்க, முதலில் நடுவிலுள்ள எஃகு ஆணியைத் தட்டி வெளியேற்ற வேண்டும். அதை விட்டுவிட்டு டிரில் வைத்தால் எஃகில் வழுக்கித் துளை நீள்வட்டமாகும். அப்படி ஆன துளைக்கு அடுத்த அளவு ரிவெட் போடலாம், விளிம்புத் தூரம் இடம் கொடுத்தால்.

இறக்கைக்குள் போகும் பெட்ரோல் டேங்கை வைக்கும் முன்பே சோதியுங்கள். டேங்கின் வாயில் ஒரு பலூனைக் கட்டி, மெதுவாகக் காற்றேற்றி, வெல்டிங் மேல் சோப்பு நீர் தடவுங்கள். கம்பிரசரை நேரடியாக மாட்டினால் மெல்லிய டேங்க் உப்பிவிடும். பலூன் சற்றே சுருங்குவது அறை குளிர்ந்ததாலும் இருக்கலாம், குமிழிதான் சாட்சி. டேங்க் தகட்டோடு உரசும் இடமெல்லாம் கார்க் பட்டை ஒட்டுங்கள்.

போல்ட்டுகளில் ஏஎன்3-க்கு (3/16 அங்குல விமான போல்ட்) 20 முதல் 25 இன்ச்-பவுண்டு முறுக்குவிசை. நட்டுக்கு வெளியே ஒரு புரியாவது தெரிய வேண்டும். நைலான் நட்டு விரலாலேயே சுற்ற வந்தால் குப்பையில் போடுங்கள். விளக்குக்கான வயர்க் குழாயில் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். பின்னாளில் இன்னொரு வயரை அதைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் வீட்டில் கட்டும் இரட்டை இருக்கை மைக்ரோலைட்டை (எடை குறைந்த சிறு விமானம்) கட்டங்கட்டமாக இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கடைசித் தகட்டுக்கு முன்பே அவரைக் கூப்பிடுங்கள், ஒவ்வொரு ரிப்பையும் (இறக்கைக்கு வடிவம் தரும் உள்சட்டம்) புகைப்படமெடுத்து வையுங்கள். முன் விளிம்புத் தகடு கடைசியில்தான். லாரிச் சுமை கட்டும் ராட்செட் பட்டைகளை அதன் மேல் சுற்றி, தகடு ரிப்போடு ஒட்டும் வரை சிறிது சிறிதாக இறுக்குங்கள். பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே மரப்பலகை வையுங்கள், இல்லாவிட்டால் சொட்டை விழும். இறுக்கியபின் இன்னொரு முறை லெவல் வைத்துப் பார்த்துவிட்டு ரிவெட் கன்னை எடுங்கள்.