இருபது டிகிரி இல்லாத ஊரில் கறுப்பு வெள்ளை

ஃபிலிம் டப்பாவோடு வரும் தாளில் எந்த டெவலப்பரை (ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) எடுத்துப் பார்த்தாலும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் 20 டிகிரிக்குத்தான் இருக்கும். காவிரிப் படுகையில் அந்த 20 குழாயில் வருவதே இல்லை. மார்கழி விடியலில்கூட மாடித் தொட்டித் தண்ணீர் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. சித்திரையில் மத்தியானம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடும். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் வீட்டில் ஃபிலிம் கழுவுகிறவர்கள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்.

பலர் செய்வது, டெவலப்பர் பாட்டிலை மட்டும் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து 20க்கு இறக்குவது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் டெவலப்பர் முடிந்ததும் அந்த ஃபிலிம் 30 டிகிரி ஹைப்போவுக்கும் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), அதைவிடச் சூடான குழாய்த் தண்ணீருக்கும் போகிறது. குளிரில் இறுகியிருந்த ஜெலட்டின், அதாவது ஃபிலிமில் படத்தைத் தாங்கும் மெல்லிய படலம், சூட்டில் திடீரென்று உப்புகிறது. பழைய ஃபிலிம்களில் இதனால் நெகட்டிவ் முழுக்கக் கோடை வயல் வெடித்ததுபோல் நுண்ணிய சுருக்கம் விழும். இன்றைய ஃபிலிம்கள் அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. ஆனாலும் உப்பிய ஜெலட்டினில் நகம் பட்டால் போதும், கீறல் நிலைத்துவிடும். ஆகவே 20ஐப் பிடிக்கப் போராடுவது வீண். 26ஐ ஒப்புக்கொண்டு, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் கரைசல், ஹைப்போ, கழுவும் தண்ணீர் நான்கையும் அதே 26க்கு அருகில் வைத்திருப்பதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். நான்குக்கும் இடையே இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி எல்லாப் பாட்டில்களையும் ஒன்றாக அரை மணி நேரம் நிறுத்தினால் சமமாகிவிடும். பனிக்கட்டி தேவைப்பட்டால் வாய் கட்டிய பையில் போட்டு அந்தத் தொட்டியில் மிதக்கவிடலாம். பானைத் தண்ணீர் பங்குனி, சித்திரையில் சில டிகிரி உதவும். ஐப்பசியில் காற்றே நனைந்து கிடக்கும்போது பானையும் குளிராது.

இனி நிமிடக் கணக்கு. ஹெச்பி5 ப்ளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமை டி-76 என்ற டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 11 நிமிடம். 3 டிகிரி ஏறும்போதெல்லாம் நேரத்தில் கால் பங்கு குறையும். அப்படியானால் 23இல் எட்டே கால் நிமிடம், 26இல் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். 29க்குப் போனால் நாலே முக்காலுக்கும் கீழே வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போவது ஆபத்து. டெவலப்பரை ஊற்றவும் வடிக்கவும் ஆகும் பத்துப் பதினைந்து விநாடியே பெரிய பங்காகிவிடுவதால் வானத்தில் பட்டை பட்டையாகக் கறை விழும். தண்ணீர் கலக்காத டி-76க்கு 20 டிகிரியிலேயே ஏழரை நிமிடம்தான். 26இல் அது நாலே காலாகிவிடும். அதனால்தான் இங்கே ஒன்றுக்கு ஒன்று கலவை. சிக்கனம் அப்புறம்தான். 35 மி.மீ. ரோல் ஒன்றுக்கு 150 மி.லி. டெவலப்பர், 150 மி.லி. தண்ணீர். ஒருமுறை பயன்படுத்தியதைக் கொட்டிவிட வேண்டும். ஊற்றியதும், ஃபிலிம் இருக்கும் மூடிய டேங்கின் அடியை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் குமிழி விலகும். தட்டாவிட்டால் நெகட்டிவில் வட்டமான தெளிந்த புள்ளிகள் நிற்கும். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை, பத்து விநாடிக்குள் நான்கு தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

டி-76ஐ வீட்டிலேயே கலக்கலாம்: மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், மொத்தம் ஒரு லிட்டர். 50 டிகிரி சூட்டில் 750 மி.லி. தண்ணீரில் தொடங்கி, இந்த வரிசையிலேயே, ஒன்று கரைந்த பின் அடுத்ததைப் போட வேண்டும். சல்ஃபைட்டை முழுவதும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் நிற்கும். மெட்டாலுக்கு முன்னால் ஒரு சிட்டிகை சல்ஃபைட் மட்டும் போட்டுக்கொள்ளலாம். அது மெட்டால் காற்றுப்பட்டுப் பழுப்பாவதைத் தடுக்கும். போர்வெல் தண்ணீர் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு சல்ஃபைட்டோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கும், இரும்பு இருந்தால் இன்னும் மோசம். இருபது லிட்டர் கேன் தண்ணீர் இதற்குப் போதும்.

ஹைப்போவில் ஒரு வேடிக்கை உண்டு. படிகத்தைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் தண்ணீர் தானாகவே ஜில்லிட்டுப்போகும். வெயில் காலத்தில் கைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் உடனே பயன்படுத்தினால், 26இல் இருந்த ஃபிலிம் சட்டென்று குளிரில் விழும், மேலே சொன்ன அதே சுருக்கம் எதிர்த்திசையில் வரும். முந்தின நாள் இரவே கலந்து வைப்பது நல்லது. ஹைப்போ வேலை செய்கிறதா என்று பார்க்க, ரோலின் நுனித்துண்டை அதில் போட்டு, பால்போன்ற மங்கல் மறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்குப் பார்க்கலாம். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிலிம் அதில் கிடக்க வேண்டும். புதிதாகக் கலந்தபோது ஆன நேரம் இரட்டித்துவிட்டால் அந்த ஹைப்போவின் ஆயுள் முடிந்தது. சூடான மாதங்களில் படிகாரம் சேர்ந்த, ஜெலட்டினை இறுக்கும் ஹைப்போ நல்லது.

ஹைப்போவுக்குப் பிறகு கழுவுவதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும் என்பது பழைய பழக்கம். டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து, மறுபடி இருபது. மூன்று நிரப்பலில் முடிந்தது. இது இறுக்காத சாதாரண ஹைப்போவுக்குத்தான். படிகாரம் சேர்த்திருந்தால் இன்னும் சில முறை தண்ணீர் மாற்ற வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. உப்புத் தண்ணீர் உண்மையில் ஹைப்போவை ஜெலட்டினிலிருந்து வேகமாக வெளியேற்றும். கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உப்பே நெகட்டிவைக் கெடுக்கும்.

கழுவத் தொடங்குமுன், டேங்குக்குள் போகும் ரீலில் இருட்டில் ஃபிலிமைச் சுற்றி ஏற்றுவது இங்கே தனிச் சோதனை. ஒளி புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு ஐந்து நிமிடத்தில் உள்ளே வேர்த்துக் கொட்டும். பிளாஸ்டிக் ரீல் ஈரத்தில் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நகரவே விடாது. நுனியின் இரண்டு மூலைகளையும் லேசாக வெட்டிவிட்டு, முந்தின நாளே கழுவி நன்றாகக் காய்ந்த ரீலில், இரவில், ஜன்னலடைத்த அறையில் ஏற்றுவதே மேல். (மின்வெட்டை வாழ்த்தும் ஒரே கூட்டம் இதுவாகத்தான் இருக்கும்.) சுருளும் ஃபிலிமை வலுவாகத் தள்ளினால் பிறைபோன்ற கறுப்புத் தழும்பு விழும். சிக்கினால் வெளியே எடுத்து மறுபடி தொடங்க வேண்டும்.

இதெல்லாம் அறைக்குள். வெளியே வெயில் இன்னொரு சிக்கல். வெள்ளை வேட்டி, கறுத்த முகம், உச்சி வெயில்: படுகையின் அன்றாடப் படங்களில் பாதி இந்த மூன்றும் சேர்ந்ததுதான். ஒளியை அளக்கும் மீட்டர் வேட்டியைப் பார்த்து அளந்தால் முகம் கரியாகிவிடும். முகத்துக்கு அளந்தால் வேட்டி சுண்ணாம்புச் சுவராகிவிடும். இதற்கு ஒரே வழி, முகத்தை வைத்து ஒளி கொடுத்து, கழுவும்போது வேட்டியைக் காப்பாற்றுவது. 400 வேக ஃபிலிமை (ஹெச்பி5 ப்ளஸ் அந்த வகை) மீட்டரில் 200 என்று வைத்து எடுத்து, டெவலப்பர் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம். 26 டிகிரியில் அது ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கும். அதற்கு மேல் சூட்டை அனுமதிக்க முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மீட்டரை உள்ளங்கையில் காட்டி அளந்து ஒரு ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படி) கூடத் திறப்பது நம்பகமான பழைய வழி. கை வெயிலில் இருக்க வேண்டும், நிழல் விழக்கூடாது. வேதாரண்யம் உப்பளத்திலோ, மார்கழிப் பனிமூட்டத்திலோ மீட்டர் சொல்வதை அப்படியே கேட்டால் எல்லாம் அழுக்குச் சாம்பலாகும், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். திண்ணை நிழலுக்கு 400 ஃபிலிமில் ஷட்டர் விநாடியில் 500இல் ஒரு பங்கு, லென்ஸ் துளை எஃப் 4 என்று தொடங்கலாம். தெருவின் வெயில் திரும்பி முகத்தில் படுவதால், கறுத்த முகத்துக்குத் திண்ணையைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது.

நடவு வயலில் சிவப்புச் சேலையும் பச்சைப் பயிரும் கண்ணுக்கு எவ்வளவு வேறு! ஃபிலிமில் இரண்டும் ஒரே சாம்பல், ஆள் வயலுக்குள் கரைந்துபோவார். மஞ்சள்-பச்சை ஃபில்டர் போட்டால் பயிர் வெளுக்கும், சேலை கறுக்கும். சிவப்பு ஃபில்டரில் நேர் எதிர்: சேலை ஏறக்குறைய வெள்ளை, வயல் இருட்டு. ஃபில்டர் விழுங்கும் ஒளிக்கு ஈடாக மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று கூட்ட வேண்டும். சிவப்பு நடவுக்கு வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அதில் குங்குமப் பொட்டே காணாமல் போகும். சிவப்பே தெரியாத பழைய ஆர்த்தோ ஃபிலிமில் அதே பொட்டு மைப்பொட்டாகக் கறுத்திருக்கும். தாத்தா காலத்து ஸ்டூடியோ படங்களில் உதடும் இருண்டிருப்பது அதனால்தான்.

காயவைக்கும்போது ஆடிக்காற்றும் தை அறுவடைத் தூசும் ஈர ஃபிலிமைத் தேடி வரும். குளியலறையில் தரையையும் சுவரையும் நனைத்து, தூசு அடங்கப் பத்து நிமிடம் விட்டு, உள்ளே விளக்கில்லாமல் தொங்கவிட வேண்டும். விளக்கு எரிந்தால் வயல் பூச்சிகள் வந்து ஜெலட்டினில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் எடுத்தால் படமும் சேர்ந்து வரும். காய்ந்ததை உறையில் போட்டுச் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வைக்கலாம், தரையோடு ஒட்டிய அலமாரியில் மட்டும் வேண்டாம். பூஞ்சை ஒருமுறை ஜெலட்டினைத் தின்ன ஆரம்பித்தால் துடைத்துப் பயனில்லை, தண்ணீரில் போட்டால் அந்த இடம் கரைந்தே போகும். உறையின் மேல் தேதியோடு தண்ணீரின் சூடு, டெவலப்பர் நிமிடம், எடுத்த வேளை மூன்றையும் பென்சிலில் எழுதிவைக்க வேண்டும். மை ஐப்பசி ஈரத்தில் நெகட்டிவுக்கு இறங்கிவிடும்.