பழைய ஸ்விஃப்ட்டுக்கு நல்ல வெளிச்சம்: எல்இடி மாட்டாமல், ஆர்சி புதுப்பிப்பிலும் சிக்காமல்

என்னுடையது 2010 மாடல் ஸ்விஃப்ட். தேனியிலிருந்து கம்பம் பக்கம் அடிக்கடி இரவில் போக வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் நடுவில் தடுப்பு இல்லாத ரோடு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடியும் முன்பே எதிரே வர ஆரம்பித்துவிடும். ரோட்டோரம் நடந்து போகிறவர்கள், விளக்கே இல்லாத சைக்கிள், மாடு எல்லாம் உண்டு. என் காரின் டிம் லைட்டில் இவையெல்லாம் ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தன. கூடவே 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டிய நேரமும் வந்தது. அதனால் வெளிச்சமும் கூட வேண்டும், ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தும்போது ஒரு கேள்வியும் வரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கடையில் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "எல்இடி கிட் மாட்டிருங்க சார், பகல் மாதிரி இருக்கும்." இல்லையென்றால் 100/90 வாட் பல்பு, அதாவது பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90 வாட். இரண்டையும் நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் சட்டம் மட்டும் இல்லை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை நாமாக மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி கண்கூசுவதைப் பற்றியது. வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஆளுக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. ஏறக்குறைய எதிரே நடந்து வருகிறவரின் கண் உயரம்தான் அது. இந்த விதியைப் படித்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எழுதியவர் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது.

இனி எல்இடி விஷயம். என் கார் ஹெட்லைட்டில் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு, டிம்மும் பிரைட்டும் ஒன்றிலேயே. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். டிம் இழைக்குக் கீழே மட்டும் சின்னதாக ஒரு தகரக் கிண்ணம். கீழே போகிற ஒளியை அது மறைத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் ஒளி பட்டு ரோட்டை நோக்கி இறங்கும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கிற இடத்தைக் கணக்கு வைத்தே செய்யப்பட்டது. எல்இடி கிட்டில் இழைக்குப் பதில் ஒரு தட்டையான தகட்டின் இரு பக்கமும் சிப்பு. ஒளி கிளம்பும் இடமும் வடிவமும் கொஞ்சம் மாறினாலும் போதும், சிதறிவிடும்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் எல்இடி இருந்தது. இரண்டு காரையும் ஒரு காம்பவுண்டுச் சுவர் முன்னால் நிறுத்தி டிம் போட்டுப் பார்த்தோம். என் பக்கம் வெளிச்சம் மங்கல்தான், ஆனால் மேலே கோடு கிழித்தது போல ஓர் எல்லை. அவன் பக்கம் சுவர் முழுக்க வெள்ளை. சுவருக்கு மேலே இருந்த வேப்பமரத்து இலை வரை தெரிந்தது. வண்டிக்கு நேர் முன்னால் தரை பளிச்சென்று இருந்ததால் ஓட்டுகிறவருக்கு நல்ல வெளிச்சம் என்று தோன்றும். உண்மையில் அந்தப் பளிச்சில் கண் சுருங்கி, தூரத்தில் இருப்பது இன்னும் தெரியாமல் போகும்.

100/90 வாட் பல்போ ரோட்டுக்கு அனுமதியில்லாதது. கரண்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் இழுக்கும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகி, ரிஃப்ளெக்டர் புகைபடிந்து போன கார்களை ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஊரில் வயரிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் பல்பைக் கழற்றக்கூட இல்லை. மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். லைட்டைப் போட்டு பல்பு சொருகும் முனையில் பார்த்தால் 12.4.

"வெளிச்சம் பல்புல இல்ல தம்பி, வழியிலயே கரண்டு செத்துப்போகுது" என்றார்.

"இதனால அவ்வளவு குறையுமாண்ணே?"

குறையும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். பழைய வண்டியில் லைட்டுக்கான கரண்டு முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாக, மெல்லிய வயரில் சுற்றி வருகிறது. தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிடும்.

அதற்கு வழி ரிலே கிட். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பேட்டரியிலிருந்து தடிமனான வயர் நேராக பல்புக்குப் போகும். பழைய வயர் ரிலேயை இயக்குவதற்கு மட்டும். கம்பெனி வயர் எதையும் வெட்டாமல், பழைய சாக்கெட்டிலேயே சொருகுகிற மாதிரி கிட்டாக வாங்குங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. அந்த ஃபியூஸ் இல்லாமல் வயர் எங்காவது உரசினால் தீதான். ஹோல்டரும் செராமிக் ஹோல்டர் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்து பல்பில் பார்த்தபோது 13.5 வந்தது. பழைய பல்புதான், ஆனால் மஞ்சள் வெளிச்சம் வெள்ளைக்கு வந்துவிட்டது.

அடுத்தது டூம், அதாவது ஹெட்லைட் கூடு. அதன் முன்மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலில் மஞ்சளாகிவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சில வாரம் பளபளக்கும், பிறகு பழையபடிதான். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு 800, 1500, 2000, 3000 என்று வரவர நைசான வாட்டர் பேப்பர் போட்டேன். முதலில் வழிந்த நீர் மஞ்சளாக இருக்கும். அது வெள்ளையாக வரும்வரை 800-ஐ விடக்கூடாது, பழைய கோட்டிங் முழுதும் போனதற்கு அதுதான் அடையாளம். கடைசியில் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி கிளியர் கோட் அடித்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டால் முன்பைவிட வேகமாக மஞ்சளாகும்.

பல்பு அதே 60/55 வாட் எச்4 தான். பிலிப்ஸ், ஆஸ்ராம் இரண்டிலும் அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும் வகைகள் இருக்கின்றன. அடிப்பகுதியில் வாட்டும், தர அனுமதிக்கான குறியாக வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். நீலக் கண்ணாடி பல்பு வேண்டாம். அந்த நீலப் பூச்சு வெளிச்சத்தைத்தான் குறைக்கும், மழையில் சுத்தமாக உதவாது. கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

இவ்வளவும் செய்துவிட்டு லைட்டைக் குறி வைக்காவிட்டால் எதிரே வருகிறவருக்குத் தொல்லைதான். சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு, டிரைவர் சீட்டில் ஓர் ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினோம். பல்பின் நடு உயரத்தைச் சுவரில் டேப்பால் குறித்துக்கொண்டு, டிம் எல்லைக்கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே வரும்படி டூமின் பின்னாலுள்ள திருகைத் திருகினோம். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் கோடு வலதுபக்கம் தட்டையாகவும் இடதுபக்கம் மேலே ஏறியும் இருக்க வேண்டும். ரோட்டோரம் நடப்பவரைக் காட்டுவது அந்த ஏறுகிற பகுதிதான். லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கம் நம்மூரில் உண்டு. குறி தப்பிய லைட்டை அந்த ஸ்டிக்கர் சரிசெய்யாது.

ஆர்சி புதுப்பிக்க படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் சேர்த்து வண்டியைக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பார்த்தார், டிம், பிரைட், இண்டிகேட்டர் போடச் சொன்னார். பானெட்டைத் திறந்தபோது ரிலேயைப் பார்த்து "பல்பு எத்தனை வாட்?" என்று கேட்டார். 60/55 என்றேன். ஒரு பல்பைக் கழற்றிக் காட்டச் சொல்லி, எழுத்தைப் படித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கூடுதல் வெளிச்ச பல்புகளுக்கு ஆயுள் குறைவு, அதனால் கழற்றிய பழைய பல்பு இரண்டையும் டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுங்கள். பின்சீட்டில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். உங்கள் காரில் லைட் உயரம் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அப்போது அதை ஒரு படி இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.