வெயில்ல மட்டும் போட்டோ வெளுக்குதா? கேமராவ விட்டுட்டு லென்ஸப் பாருங்க

போட்டோ ஓவர் எக்ஸ்போஸ் ஆகுதுன்னு, அதாவது வெளிச்சம் கூடிப்போய் வெளுக்குதுன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் செட்டிங்ஸ ரீசெட் பண்ணுங்கிறதுதான். தப்பில்ல, ராத்திரி கல்யாண மண்டபத்துல ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கிற செட்டிங்) 3200ல வெச்சது காலைலயும் அப்படியே இருக்கும், இல்ல படத்த வேணும்னே வெளிச்சமாவோ இருட்டாவோ ஆக்குற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் யாரு கைபட்டோ ப்ளஸ் 2க்குப் போயிருக்கும், அதெல்லாம் ஒரு நிமிஷத்துல பாத்துடலாம். ஸ்க்ரீன மட்டும் நம்பாதீங்க, பிரைட்னஸ் ஏத்தியிருந்தா நல்ல படமும் வெளுத்துத்தான் தெரியும், படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்குதான்னு பாருங்க.

எல்லாம் சரியா இருந்தும் வீட்டுக்குள்ள நல்லா வந்து, மொட்டை வெயில்ல மட்டும் சுண்ணாம்படிச்ச சுவராட்டம் வருதுன்னா எனக்கு முதல் சந்தேகம் லென்ஸ் மேலதான்.

டிஎஸ்எல்ஆர்ல நாம வியூஃபைண்டர்ல பாக்குறப்போ அப்பெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள்ள பிளேடுகளால ஆன ஓட்டை, முழுசா தொறந்தே இருக்கும், மீட்டர் வெளிச்சத்த அளக்குறதும் அப்போதான். எஃப் நம்பர் கூடக் கூட ஓட்டை சின்னதாகும், எஃப் 16 வெச்சிருந்தீங்கன்னா க்ளிக் பண்ற நொடியில பிளேடு மூடிக்கும்னு நம்பி கேமரா ஷட்டர் ஸ்பீட (எவ்வளவு நேரம் வெளிச்சத்த உள்ள விடணும்ங்கிறத) கணக்குப் போட்டுடும். பிளேடுல எண்ணெய் கசிஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா மூடாது, ஆனா அது கேமராவுக்குத் தெரியாதே! மீட்டர் சரின்னு காட்டும், படம் வெளுத்துப் போயிருக்கும். வீட்டுக்குள்ள எப்படியும் தொறந்து வெச்சுத்தான் எடுப்போம், அதனால அங்க கோளாறு வெளிய தெரியாது.

தெரிஞ்ச தம்பி ஒருத்தன் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கேமராவுக்கு இதேதான் ஆச்சு, சென்சார் போச்சுன்னு யாரோ சொல்லி பயமுறுத்தி விட்டிருந்தாங்க. மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் நாமளே வெக்கிற எம் மோடுல ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/125 செகண்ட் வெச்சு ஒண்ணு எடுக்கச் சொன்னேன், ஃபிலிம் காலத்து சன்னி 16 கணக்குதான் இது, நல்ல வெயிலுக்குக் கிட்டத்தட்ட சரியா வரணும். அடுத்து எஃப் 4, 1/2000. கணக்குப்படி ரெண்டுலயும் உள்ள போற வெளிச்சம் ஒண்ணுதான். ரெண்டாவது பக்காவா வந்துச்சு, முதல் படத்துல வானமே இல்ல! எஃப் 16ல நிக்க வேண்டியது எஃப் 4லயே நின்னுட்டா 16 மடங்கு வெளிச்சம் போகும், பின்ன எப்படி இருக்கும். சந்தேகம் இருந்தா எஃப் 16ல ஷட்டர ஒரு செகண்ட் வெச்சு லென்ஸ முன்னாடி பக்கமிருந்து பாத்துட்டே அமுக்குங்க, ஓட்டை சின்னதாகுதா இல்லையான்னு கண்ணுக்கே தெரியும். ரெண்டு படமுமே வெளுத்துச்சுன்னா ஷட்டர் பக்கம் சந்தேகப்படலாம்.

சின்ன பாயின்ட் அண்ட் ஷூட் கேமரான்னா ஷட்டரே ஒட்டிக்கிறது உண்டு, படம் வெளுக்குறதோட குறுக்க கோடும் விழும். அதுக்கு செலவு பண்றது வேஸ்ட்டுன்னுதான் சொல்லுவேன்.

தம்பியோடது கேமராவோட சேர்ந்து வர்ற கிட் லென்ஸ், அதப் பிரிச்சு பிளேட க்ளீன் பண்ற கூலிக்கு இன்னொரு பழைய கிட் லென்ஸே வாங்கிடலாம், அதனால வேற லென்ஸ் கிடைக்கிற வரைக்கும் அவன் அதையே முழுசா தொறந்து வெச்சு ஓட்டிட்டு இருக்கான். வெயில்ல 1/4000 வரைக்கும் ஷட்டர ஏத்திக்கிட்டா சமாளிக்க முடியுது, ஆனா ஓட்டை பெருசா இருந்தா ஃபோகஸ் ஆழம் குறையுமே, க்ரூப் போட்டோ எடுக்கும்போதுதான் பின்வரிசை ஆளுங்க அவுட் ஆஃப் ஃபோகஸ்ல போறாங்கன்னு புலம்புறான்.