நயாகராவுக்கு அப்பாலும் நாடு இருக்கிறது

ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும், அடுத்த சனிக்கிழமை அவர்களை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போவது ரொறன்ரோவின் ஸ்காபுரோத் தமிழர் வீடுகளில் எழுதாத சட்டம். இரண்டு வானில் சனம் ஏறும். அலுமினியத் தட்டுகளில் புட்டும் கோழிக்கறியும் ஏறும். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஏறும். 57 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரின் தூவானத்தில் நனைந்து, படம் எடுத்து, இருட்ட முதல் வீடு திரும்பிவிடுவோம். நயாகரா பார்க்க வேண்டிய இடம்தான், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அதோடு கனடாவைப் பார்த்தாயிற்று என்று இருபது, முப்பது வருடமாக இருந்துவிட்ட பலரை எனக்குத் தெரியும்.

இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். வந்த புதிதில் பேஸ்மன்ட் வாடகை, ஏஜென்சிக்காரனுக்காகப் பட்ட கடன், ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு என்று வரிசையாக நிற்கும். அரச விடுமுறை நாளில் வேலைக்குப் போனால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்னும்போது ஊர் சுற்ற யாருக்கு மனம் வரும்? கொஞ்சம் நிமிர்ந்தால் வீடு, மோர்கேஜ், சனி ஞாயிறுகளில் கலியாணவீடு, சாமத்தியவீடு. நானும் அப்படித்தான் இருந்தேன். குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்த நாட்களில் மூன்று சமுத்திரம், பத்து மாகாணம், மூன்று ஆட்புலம் என்று இந்த நாட்டைப் பாடமாக்கினேன். சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டு வெளியே வந்தபோது, பாடமாக்கியதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. இன்றுவரை விடவில்லை.

புதிதாக வந்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கடன் முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். கோடைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிழக்கே போங்கள். எல்லாரும் ரொக்கி மலைக்குத்தான் ஆசைப்படுவார்கள். ஆனால் இந்த நாட்டோடு எங்களுக்கு உள்ள உறவு தொடங்குகிற இடங்களில் ஒன்று கிழக்கில் இருக்கிறது.

கியூபெக் நகரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மதில் சூழ்ந்த பழைய நகரம், 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ஒரு முழு நாள் நடக்கலாம். பக்கத்திலேயே மொன்மொரன்சி அருவி இருக்கிறது. உயரம் 83 மீற்றர், நயாகராவை விட அதிகம். இதைச் சொன்னால் ஸ்காபுரோவில் ஒருவரும் நம்புவதில்லை.

அதைத் தாண்டி நியூ பிரன்ஸ்விக்கில் ஹோப்வெல் பாறைகளுக்குப் போங்கள். ஃபண்டி விரிகுடாவின் வற்றுப்பெருக்கு உலகத்திலேயே பெரியது. விரிகுடாவின் சில இடங்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 16 மீற்றர் வரை வித்தியாசம் வரும். விரிகுடா புனல் வடிவில் ஒடுங்கிக்கொண்டே போவதும், அதில் தண்ணீர் முன்னும் பின்னும் அலைகிற நேரம் கடலின் வற்றுப்பெருக்கு நேரத்தோடு கிட்டத்தட்டப் பொருந்துவதும் காரணம். காலையில் கடலின் அடியில் நடந்தோம். காலுக்குக் கீழே செம்மஞ்சள் சேறு, ஈரக் கடற்பாசி. தலைக்கு மேலே, உச்சியில் மரம் முளைத்த பாறைத் தூண்கள். பின்னேரம் அதே இடத்தில் தண்ணீர் நின்றது. காலையில் எங்கள் பிள்ளைகள் சுற்றி ஓடிய தூண்கள் சின்னஞ்சிறு தீவுகளாகியிருந்தன, இடையில் படகு ஓடியது. வற்று நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்காவிட்டால் அங்கே போனதில் பாதிதான் பயன்.

அங்கிருந்து 1997இல் திறந்த 12.9 கிலோமீற்றர் பாலத்தில் ஏறினால் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. பாலத்துக்குக் காசு கட்டுவது திரும்பி வரும்போதுதான். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வந்திருந்த அம்மாவும் அந்த முறை எங்களோடு வந்தார். அம்மா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பாலம் முடிந்து கொஞ்சத் தூரத்தில் வானை நிறுத்தச் சொன்னார். றோட்டோரம் உருளைக்கிழங்குத் தோட்டம், பாத்திக்குப் பாத்தி சிவப்பு. குந்தியிருந்து ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையில் நொறுக்கிப் பார்த்தார். "தம்பி, இது எங்கட செம்பாட்டு மண்ணெல்லே!" என்றார். இரண்டு மண்ணும் இரும்பு துருவேறிச் சிவந்தவைதான். அங்கே நின்ற தோட்டக்காரரிடம் என்ன பசளை போடுகிறீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். ஒரு துண்டு நிலத்தில் மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் கிழங்கு போடலாம், அது சட்டம், இடையில் தானியமும் புல்லும் போடுகிறோம் என்று அவர் சொன்னார். ஊரில் பூவரசங்குழை தாழ்த்து மண்ணை ஆறவிடுவதை அம்மா சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார். கனடாவில் அம்மா ஒரு வெள்ளைக்காரரோடு அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் நாலு கிழங்கு தந்தார், அன்றிரவு மொட்டலில் பிரட்டல் கறி வைத்தோம்.

நோவா ஸ்கோஷியாவில் கேப் பிரெட்டன் மலையைச் சுற்றி வரும் கபொட் பாதை 298 கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. ஆறுதலாக ஓடுங்கள். ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் பியர் 21 இருக்கிறது. 1928க்கும் 1971க்கும் இடையில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் கப்பலில் வந்து இறங்கிய கொட்டகை, இப்போது குடிவரவு அருங்காட்சியகம். இத்தாலியர், உக்ரேனியர், அகதிகள் எல்லாரும் கையில் ஒரு பெட்டியோடு அந்த வாங்குகளில் காத்திருந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

பிறகு நியூஃபவுண்ட்லாந்து. நோர்த் சிட்னியிலிருந்து கப்பலில் ஏழு மணித்தியாலம் போய் இறங்கினாலும், சென்ற் ஜோன்ஸுக்கு இன்னும் ஏறத்தாழ 900 கிலோமீற்றர் ஓட வேண்டும். மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ள வேண்டும். மேற்குக் கரையில் குரோஸ் மோர்ன் பூங்காவில், பூமியின் ஆழத்தில் இருக்க வேண்டிய பாறை மேலே வந்து காவி நிறத்தில் மொட்டையாகக் கிடக்கிறது. அதில் செடி அதிகம் பிடிக்காது. கிழக்கு முனையான கேப் ஸ்பியரில் நின்றால் வன்கூவரை விட அயர்லாந்து கிட்ட.

ஆனால் நான் அங்கே போனது 1986க்காக. அந்த ஆவணியில், சென்ற் ஷொட்ஸ் என்ற சிறு கிராமத்துக்கு அப்பால் கடற்புகைக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழ் அகதிகள் மிதந்துகொண்டிருந்தார்கள். கப்பலில் கொண்டுவந்தவன் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மீன் பிடிக்கப் போன கப்டன் கஸ் டால்ட்டன் அவர்களைக் கண்டார். தன் படகில் ஏற்றினார், வானொலியில் மற்றப் படகுகளையும் கூப்பிட்டார். யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டா ஏற்றினார்? தண்ணீரில் சனம் தத்தளிப்பதைக் கண்டார், ஏற்றினார். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நாட்டில் குரல்கள் எழுந்தபோதும் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு தங்கவிட்டது. சென்ற் ஷொட்ஸில் இன்று பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மரமில்லாத புல்வெளி, சில வீடுகள், கடற்புகை, கீழே பாறையில் அடிக்கும் கடல். அந்தத் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தேன். ஆவணியிலும் விறைக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு முறை அங்கே போய் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதற்கு ஆறு வருடம் முன்னர், 1980 சித்திரையில், அதே சென்ற் ஜோன்ஸ் துறைமுகத்திலிருந்துதான் ரெரி ஃபொக்ஸ் ஓடத் தொடங்கினார். புற்றுநோயால் ஒரு கால் போன இளைஞர், அந்த நோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கப் புறப்பட்டவர். ஒவ்வொரு புரட்டாதியிலும் பள்ளிக்கூடத்தில் ரெரி ஃபொக்ஸ் ஓட்டத்துக்கென்று பிள்ளை காசு கேட்கும், கொடுத்துவிடுவோம். அவர் 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடி, நோய் நெஞ்சுக்குப் பரவி நிறுத்திய இடம் தண்டர் பேக்குப் பக்கத்தில். அங்கே சிலையாக மேற்கே பார்த்து நிற்கிறார். ரொறன்ரோவிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். அதற்கும் அப்பால் ஒன்ராறியோ இன்னும் முடிகிறதில்லை. சுப்பீரியர் ஏரிக்கரையோரம் வாகனம் ஓட்டிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு ஏற்றத்திலும், இதை ஒற்றைக்காலோடு ஓடினானே என்ற நினைப்பு வரும். எங்கள் மகன் அந்தச் சிலையடியில் வெகு நேரம் பேசாமல் நின்றான்.

சஸ்கச்சுவான் சமவெளியில் ஒன்றுமில்லை என்று பலர் விமானத்தில் தாண்டிப் போவார்கள். ஆடி மாதத்தில் கனோலா பூத்து, தொடுவானம் வரை மஞ்சளாகக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கேதான் உலகத்துக்கு ஏற்றுமதியாகும் பருப்பில் பெரும் பங்கு விளைகிறது. இலங்கை வாங்கும் மைசூர்ப் பருப்பில் இந்த வயல்களின் பருப்பும் உண்டு. சின்ன வயதில் சங்கக்கடை வரிசையில் நின்று வாங்கிச் சோற்றோடு குழைத்துச் சாப்பிட்ட சாமானை, முழங்கால் உயரச் செடியில் காயாகக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசம் பெரிது.

ரொக்கி மலையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நான் சுருக்குகிறேன். பான்ஃபும் ஜாஸ்பரும் சேர்த்து ஒரு கிழமை வையுங்கள். பனிப்பாறை உராய்ந்து மாப்போல அரைத்த கல்தூள் தண்ணீரில் மிதப்பதால்தான் மொறெய்ன் ஏரிக்கும் லூயிஸ் ஏரிக்கும் அந்த நீலப்பச்சை. 2023 முதல் மொறெய்ன் ஏரிக்குச் சொந்தக் காரில் போக முடியாது. பஸ் ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். லூயிஸ் ஏரியிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீற்றர் ஐஸ்ஃபீல்ட்ஸ் பாதைக்கு ஒரு நாள் முழுதும் கொடுங்கள். கொலம்பியா பனிவயலிலிருந்து உருகும் தண்ணீர் மூன்று சமுத்திரங்களுக்கும் போகிறது. அதபாஸ்கா பனிப்பாறை எந்த வருடம் எங்கே நின்றது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தால்தான் இன்றைய பனியை எட்டலாம். நெஞ்சைப் பிசைகிற நடை அது. 2024 ஆடியில் காட்டுத்தீ ஜாஸ்பர் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்களை எரித்தது. திரும்ப எழும்புகிற ஊர், அங்கே தங்கிச் செலவழிப்பது அவர்களுக்கு உதவி. இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள்: 1885இல் தொடங்கிய பான்ஃப் பூங்காவுக்காக, அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஸ்டோனி நக்கோடா மக்களை வெளியேற்றினார்கள். சொந்த மண்ணிலிருந்து துரத்தப்படுவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். அந்த மலைகளைப் பார்க்கும்போது அந்த மக்களையும் நினைக்க வேண்டும்.

மேற்குக் கரையில் வன்கூவர் தீவு. ரொஃபினோ போகும் வழியில் கதீட்ரல் குரோவில் 800 வருட டக்ளஸ் ஃபேர் மரங்கள் நிற்கின்றன. விக்ரோரியாவுக்குப் பக்கத்தில் எஸ்கைமோல்ட் கடற்படைத் துறை. 2010 ஆவணி 13 அன்று எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழரைக் கொண்டுவந்து இறக்கியது அங்கேதான். இந்த முறை கஸ் டால்ட்டன் இல்லை. பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள், சிறுபிள்ளைகளும் கூட. அதற்கு முன், 1914இல், கொமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 இந்தியரில் பெரும்பாலோரை வன்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு 2016இல் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். வன்கூவர் கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. எஸ்கைமோல்ட் கரையில் அப்படி ஒன்று எழ வேண்டும் என்பது என் விருப்பம்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தேசியப் பூங்காக்களில் 17 வயது வரை நுழைவுக் கட்டணம் இல்லை. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களும் நிரந்தர வதிவிடம் கிடைத்துச் சில வருடமே ஆனவர்களும் கனூ என்ற செயலியில் பதிந்தால் பல பூங்காக்களையும் அருங்காட்சியகங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டால் திரும்ப வராது. பியர் 21 போன இடத்தில் எங்களுக்கு இதைச் சொன்னவர் கொழும்பிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு தங்கச்சி.

எங்கள் வீட்டில் அடுத்தது வடக்கு. மனிடோபாவின் சேர்ச்சிலுக்கு றோட்டுக் கிடையாது. வினிபெக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு நாள் ரயில், இல்லாவிட்டால் விமானம். ஐப்பசி, கார்த்திகையில் ஹட்சன் விரிகுடா உறையும்வரை துருவக்கரடிகள் கரையில் காத்துக்கொண்டு நிற்கும். செலவு கூடத்தான். அதற்கென்றே நாலைந்து குடும்பம் சேர்ந்து சீட்டுப் பிடித்திருக்கிறோம், அடுத்த வருடம் சீட்டுக்காசு எங்களுக்கு.